உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

தம்பிகளே,

நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் சங்கக் கூட்டத்தில் மேடையேறிப் பேசச் சொன்னீர்கள். வயிற்று வலி என்று சொல்லி நான் வரவில்லை. வயிறு நன்றாகத்தான் இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "சரி, எழுதியாவது தாங்கண்ணே, மலர்ல போடுதோம்" என்றீர்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சேத்தூரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெட்டி தூக்கப் போனேன். தூக்கிய பெட்டியைத் திறக்கவும், திறந்ததை மூடவும் பழகினேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறி, இந்த வட்டாரத்தில் மில், கடை, பள்ளிக்கூடம் என்று சுற்றியே வயது ஐம்பதைத் தாண்டியது. கண்ணில் அழுத்தம் இருக்கிறது, திரையை அதிகம் பார்க்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

விர்ச்சுவல் மிஷினில் விண்டோஸ் ஏற்றுவது எப்படி என்று எழுதச் சொல்லி ஒரு தம்பி கேட்டார். அதை நான் எழுத வேண்டியதில்லை. போனில் தட்டினால் வீடியோ வரும். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். ஆனால் விண்டோஸ் ஏறும்போது திரையில் அந்த நீலக் கோடு நகரும் நேரத்தில் நமக்குப் பின்னால் நிற்பவர்களின் மூச்சுச் சத்தம் வீடியோவில் கேட்காது. நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். வ. புதுப்பட்டியில் ஓர் உரக்கடைக்காரருக்குப் பழைய கணக்கு புரோகிராம் புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அதற்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போல ஒரு விர்ச்சுவல் மிஷின் போட்டு, அதில் பழைய விண்டோஸை ஏற்றி ஓட வைத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது. மறுநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, உள்ள இருந்த கம்ப்யூட்டரைக் காணோம்" என்றார். குரல் உடைந்திருந்தது. பஸ் பிடித்துப் போனேன். தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது ஓடுகிற திரை ஜன்னலை அவர் கை தவறிச் சின்னதாக்கிவிட்டார். திரையின் அடியில் ஒரு பட்டையாக அது இருந்தது. தொட்டேன், வந்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நான் ஏற்றிக் கொடுத்தது என்ன, அது எங்கே இருக்கிறது, எப்படித் திரும்ப அழைப்பது என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். என் கூச்சத்துக்கு அந்த மனுஷன் ஓர் இரவு தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார்.

அதோடு திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை. அதற்குச் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனி வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்துப் பேண்டேஜ் துணி எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கம்பெனியும் வெளிநாட்டுக்குக் கப்பலில் ஏற்றுகிற கம்பெனிதான். தறி, வெளுப்பு எல்லாம் வேறு இடத்தில். இங்கே மடிப்பு, பேக்கிங். பேக்கிங் அறையின் ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் ஒரே வேலை லேபிள் அடிப்பது. எந்த பேட்ச், எப்போது தயாரித்தது, எப்போது காலாவதி என்று பெட்டிக்குப் பெட்டி லேபிள் ஒட்ட வேண்டும். புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் மதுரைக்காரர். வெளிநாடு போய்விட்டார். அந்த கம்ப்யூட்டரை யாரும் நிறுத்துவதே இல்லை. கரண்ட் போனால்கூட பேட்டரி தாங்கும். பேக்கிங் சூப்பர்வைசர் எஸ்தர் அக்கா அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூஜை முடிந்தால் மறுநாள் விஜயதசமி வரைக்கும் எதையும் தொடக்கூடாது. முதலாளி ராஜுக்கள் வீட்டு மனிதர், அறுபது வயது, பக்தியானவர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் நம் தமிழ். அவர் பேக்கிங் அறைக்குள் வந்து, அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் விளக்கெரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். "பாவம்ப்பா, வருஷத்துல ஒரு நாளு அதுக்கும் ரெஸ்ட் குடுங்க" என்று சொல்லித் தன் கையாலேயே நிறுத்தினார்.

அது பிறகு எழுந்திருக்கவில்லை.

எனக்குப் போன் வந்தது விஜயதசமிக்கு அடுத்த நாள் காலையில். எஸ்தர் அக்காதான். "தம்பி, ஒடனே வாங்க. சாயங்காலம் தூத்துக்குடிக்கு லாரி போவணும். பெட்டி அம்புட்டும் லேபிள் இல்லாம மொட்டையா நிக்கி."

போனேன். வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. உடைத்த பூசணிக்காயை இன்னும் அள்ளவில்லை. உள்ளே பேக்கிங் பெண்கள் வேலையில்லாமல் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பூஜைப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லாருடைய தலையும் திரும்பியது. எனக்கு அப்போதே சட்டை நனைந்தது.

முதலாளியும் எஸ்தர் அக்காவும் அந்த கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"நான் இத்தனை வருஷமா ஜெபம் பண்ணிக் காப்பாத்தி வெச்சிருந்தேன். நீங்க ஒரே பொட்டுல கொன்னுட்டீங்க மொதலாளி" என்றார் அக்கா.

"பொட்டு வெச்சதுக்கா போச்சு? அதுக்கு ஆயுசு முடிஞ்சுருச்சும்மா."

"நீங்க நிப்பாட்டாம இருந்தா அதுக்கே ஆயுசு முடிஞ்சது தெரிஞ்சிருக்காது."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. காரணத்தை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பேக்கிங் வேலையை வெளியில் ஒருத்தருக்குக் கொடுத்துவிடலாமா என்று முதலாளி சில மாதமாகவே யோசிக்கிறாராம். லோடு இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. "இந்த லோடும் கப்பலை விட்டுட்டா இந்த ரூமைப் பூட்டிருவேன்னு சொல்லிட்டாரு தம்பி. இந்தப் பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு இது ஒண்ணுதான் வேலை. எனக்கும்தான்."

நான் தலையை ஆட்டினேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டு போயிருந்தது. சூடாக ஓடிக்கொண்டே இருந்தவரை தாக்குப் பிடித்த பழைய போர்டு, ஒரு முறை குளிர்ந்ததும் உயிர் விட்டது. இப்படி நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. ஆனால் சுற்றும்போது ஒரு கரகரப்பு. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபீஸ் அறையில் இருந்த புது கம்ப்யூட்டரை பேக்கிங் அறைக்குத் தூக்கி வந்தேன். பழைய விண்டோஸை அதில் நேராக ஏற்ற முடியாது. புரோகிராமோ பழைய விண்டோஸில்தான் ஓடும். ஆகவே விர்ச்சுவல் மிஷின். முதலாளியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் வெக்கப் போறேன் மொதலாளி."

"எங்க வெப்ப? அதான் மூடியிருக்கே."

"நிஜமா இல்ல. அதுக்குள்ள ஒண்ணு இருக்க மாதிரி."

அவர் கம்ப்யூட்டரின் மேல்மூடியைத் தட்டிப் பார்த்தார். "வவுத்துக்குள்ள வவுறு. சரி, என்னமோ செய்யி. சீக்கிரம் செய்யி."

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கரகரக்கிற டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒருவர் "சீக்கிரம்" என்று சொல்லும்போது, முதலில் தேவையானதை மட்டும் எடுத்து ஓட வைத்துவிடலாம், பிறகு நிதானமாக மற்றதைப் பார்க்கலாம் என்றுதான் கை போகும். போக விடாதீர்கள். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். டிஸ்க் முழுவதையும் முதலில் பிரதி எடுத்தேன். அது முடியும் வரை எதையும் தொடவில்லை. முதலாளி மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கோடு முன்பிருந்த இடத்திலேயே நின்றது போல இருந்தது.

"இது நகருதா, நிக்குதா?"

"நகருது மொதலாளி."

"எனக்கு நின்ன மாதிரிதான் தெரியுது."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பின்னால் பெண்களில் ஒருத்தி, "ஏட்டி, அந்த அண்ணன் கழுத்தைப் பாரு, வேர்த்து ஊத்துது. ஃபேனை அங்கிட்டுத் திருப்பு" என்றாள். இன்னொருத்தி, "திருப்புனா பொரி பறக்கும்டி" என்றாள். "பறக்கட்டும். அவிய மயங்கி விழுந்தா நீயா லேபிள் அடிப்ப?" ஃபேன் என் பக்கம் திரும்பியது. வேர்வை குளிர்ந்து இன்னும் நடுங்கினேன்.

பிரதி முடிந்து, விண்டோஸ் ஏற்ற ஆரம்பித்தேன். நடுவில் அது லைசென்ஸ் எண் கேட்டது. அந்த எண் பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும் அல்லவா? போய்ப் பார்த்தால், வருஷா வருஷம் பூஜைக்கு அந்த இடத்தில்தான் பொட்டு வைத்திருக்கிறார்கள். சந்தனத்துக்கு மேல் சந்தனம். போன வருஷப் பொட்டை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எழுத்தும் பாதி போயிருந்தது.

எஸ்தர் அக்கா நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். ஒருத்தி போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"இது எட்டா, பி-யா?" என்று கேட்டேன்.

"பொட்டு" என்றார் அக்கா.

எட்டு என்று அடித்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. பி என்று அடித்தேன். உள்ளே விட்டது. எனக்குக் கை கும்பிடப் போனது. கூச்சத்தில் இறக்கிக்கொண்டேன்.

அப்போது முதலாளி மறுபடியும் வந்தார். லாரி வந்துவிட்டது என்றார். லேபிள் ஒட்ட ஒட்ட ஏற்றிவிடலாம் என்றார். வேறு எதிலாவது இதை அடிக்க முடியாதா, பக்கத்துக் கம்பெனியில் கேட்கட்டுமா என்றார். "பக்கத்துக் கம்பெனி லேபிளை ஒட்டுனா, சரக்கும் பக்கத்துக் கம்பெனியுதுன்னு ஆயிரும் மொதலாளி" என்றார் அக்கா. நான் ஒரு காதை அவர்கள் பக்கம் கொடுத்துக்கொண்டு திரையில் வந்ததற்கெல்லாம் "அடுத்து", "அடுத்து" என்று தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தத் திரைகளின் இங்கிலீஷ் முழுவதும் படிக்க வராது. எந்த இடத்தில் எந்தப் பொத்தான் இருக்கும் என்று கைக்குத் தெரியும். அவ்வளவுதான். பல வருஷம் அந்தக் கை என்னை ஏமாற்றியதில்லை.

மதியத்துக்கு மேல், பிரதியில் இருந்து எடுத்துப் போட்ட புரோகிராம் திறந்தது. பழைய பச்சைத் திரை, பழைய பேட்ச் வரிசை எல்லாம் அப்படியே வந்தன. எஸ்தர் அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிரிண்டர் ஒரு தடவை இருமியது. முதல் லேபிள் வெளியே வந்தது.

அதைக் கிழித்து நீட்டினேன். "சரியா இருக்காக்கா?"

அக்கா பார்த்தார். பார்கோடு இருந்தது. கம்பெனி பெயர் இருந்தது. எழுத்து கோணவில்லை. "சரியா இருக்கு தம்பி" என்றார். முதலாளியும் வாங்கிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்றார். அறையே எழுந்துகொண்டது. பொரியைத் தட்டிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பெண்கள் வேலையில் இறங்கினார்கள். ஒருத்தி அடித்ததைக் கிழிக்க, ஒருத்தி ஒட்ட, மற்றவர்கள் பெட்டியைத் தள்ள, பெட்டிகள் வரிசையாக லாரிக்குப் போயின. முதலாளி எனக்கு ஒரு தட்டில் சுண்டலும் லட்டும் கொடுத்தனுப்பினார்.

எனக்குத்தான் அந்த லட்டு இறங்கவில்லை. இத்தனை சுலபமாக முடிந்த வேலை எனக்கு எப்போதுமே பயத்தைத் தரும். கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். வாசல் வரை போனேன். வாடிய வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த உரக்கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

திரும்பி உள்ளே வந்தேன். எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். நடுவில் போய் நின்று ஒரு கேள்வி கேட்பது எனக்கு எவ்வளவு பாடு என்று இந்த எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. கீழே கிடந்த ஒரு கழிவு லேபிளை எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றேன்.

"என்ன தம்பி, கெளம்பலையா?"

"இல்லக்கா. இதுல என்னென்ன இருக்கணும்? எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"அதான் சரியா இருக்கே."

"நீங்க சொல்லுங்க, நான் பாக்குறேன்."

அக்காவுக்கு அது விளையாட்டாக இருந்திருக்க வேண்டும். லேபிளைப் பார்க்காமலே, கையில் டேப் சுற்றிக்கொண்டே சொன்னார். "மேல கம்பெனி பேரு."

"இருக்கு."

"சைஸு. அதுக்குக் கீழ பேட்ச் நம்பரு."

எண்ணைப் படித்தேன். "அதேதான்."

"தயாரிச்ச தேதி. இந்த மாசம், அக்டோபரு."

நான் லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன போட்டிருக்கு?"

"ஆறாம் மாசம்க்கா. ஜூன்."

டேப் அவர் கையிலேயே நின்றது. லேபிளை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார். "காலாவதியும் ஜூன் கணக்குலதான் வருது" என்றார், ஏதோ தனக்குள் சொல்வது போல.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். அன்றைக்கு அக்டோபர் ஆறு. விண்டோஸ் ஏற்றும்போது எந்த நாட்டு வழக்கம் என்று ஒரு திரை கேட்கும். நான் தட்டிவிட்டுப் போன திரைகளில் அதுவும் ஒன்று. அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துக்கொண்டது. நம் மதுரைக்காரர் எழுதிய புரோகிராம், முன்னால் இருப்பதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. அக்டோபர் ஆறு, ஜூன் பத்தாகிவிட்டது. இருபதாம் தேதியாக இருந்திருந்தால் இருபதாம் மாதம் என்று ஒன்று இல்லை, புரோகிராம் அங்கேயே முட்டி நின்றிருக்கும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளில் இது முட்டாது. பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். விண்டோஸ் என்னிடம் கேட்கத்தான் செய்தது. நான்தான் அது கேட்டதைப் பார்க்கவில்லை.

பெட்டிகளில் பாதிக்கு மேல் லாரியில் ஏறிவிட்டன.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் லாரியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். இந்த லோடு கப்பலை விட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் இருவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை. பிறகு அவராகவே போய் முதலாளியைக் கூட்டி வந்தார்.

முதலாளி லேபிளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"நாலு மாசம் முன்னாடி போட்டிருக்கு. அவ்வளவுதானே? காலாவதி நாலு மாசம் முந்தி வரும். நமக்குத்தான் நட்டம், வாங்குறவனுக்கு என்ன கெடுதல்? இனிமே வாரத மட்டும் சரி பண்ணு. போனது போகட்டும்."

அவர் சொன்னது தப்பாகவே தோன்றவில்லை. அதுதான் பயங்கரம். நெருக்கடியில் வருகிற யோசனை எதுவும் கெட்ட யோசனை மாதிரி முகத்தைக் காட்டாது.

"மொதலாளி" என்றார் அக்கா. "கூடப் போற பேப்பர் எல்லாத்துலயும் அக்டோபரு. பெட்டில ஜூன். ஜூன்ல இந்தத் துணிக்கு நூலே வரலை."

"யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க வேண்டாம். நாளைக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரில ஒருத்தருக்குப் புண்ணு சீழ் வச்சா, எந்தத் துணின்னு தேடுவாக. ஜூன் மாசக் கணக்குல தேடுவாக. அங்க நாம இல்ல."

லாரி டிரைவர் உள்ளே வந்தார். சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். "அண்ணாச்சி, கப்பலு நமக்காவ நிக்காது. அது என்ன மினி பஸ்ஸா, கையக் காட்டுனா நிப்பாட்ட?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி வாட்சைப் பார்த்தார். பிறகு லேபிள் கிழிக்கிற பெண்ணைப் பார்த்து, "நீ அடிம்மா" என்றார்.

எனக்கு வாதாட வராது. அன்றும் வரவில்லை. நான் பிரிண்டரின் மூடியைத் திறந்து லேபிள் ரோலைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகுதான் எடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் வாழ்க்கையில் அதிகம் பயந்த இடம் எது என்று கேட்டால் அதுதான்.

"என்னய்யா இது? குடு அத" என்றார் முதலாளி.

"தப்பு நான் ஏத்துனதுல இருக்கு மொதலாளி. எறக்கச் சொல்லுங்க."

"எறக்குனா லாரி போயிரும்."

"தெரியும்."

"போச்சுன்னா இவங்களுக்கு வேலை இல்ல. அது தெரியுமா?"

"தெரியும் மொதலாளி." குரல் எனக்கே கேட்கவில்லை. "இந்த லோடு தப்புன்னு திரும்பி வந்தாலும் வேலை இல்ல."

ரோலை நான் விடவில்லை. முதலாளி என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிடுங்கியிருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பிடுங்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பி, "செத்த நேரம் பொறுப்பியா?" என்றார்.

"எம்புட்டு நேரம்?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

டிரைவர் மீசையை நீவிக்கொண்டார். "சரி, நான் போயி வண்டிக்குக் காத்து அடிச்சுட்டு வாரேன். வரும்போது முடிஞ்சிருக்கணும். லோடோட போவ முடியாது, மொதல்ல எறக்குங்க" என்றார்.

நாட்டு வழக்கத்தை மாற்ற எனக்குச் சில நொடிதான் ஆனது. புரோகிராமை மூடித் திறந்தேன். முதல் லேபிளை அக்காவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஒவ்வொன்றாக விரலை வைத்து உரக்கப் படித்தார். அக்டோபர் என்று அவர் படித்தபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு மூச்சு வந்தது.

லேபிளை உரித்தால் பெட்டி கிழிந்தது. ஆகவே பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. குடோனில் இருந்து புதுப் பெட்டி அட்டைகள் வந்தன. மடித்து, டேப் ஒட்டி, சரக்கை மாற்றி, லேபிள் ஒட்ட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அட்டை மடிக்கிறார். மடிப்பு கோணலாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண் பேசாமல் அதை வாங்கிச் சரிசெய்து தள்ளினாள். அடுத்ததும் கோணல். "மொதலாளி, நீங்க டேப் ஒட்டுங்க. இது எங்க கிட்ட இருக்கட்டும்" என்றாள். அவர் கேட்டுக்கொண்டார். நான் ஓரத்தில் நின்று லேபிள் கிழித்துக் கொடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அட்டை தீர்ந்துவிட்டது. சில பெட்டிகள் நின்றுபோயின. மற்றது ஏறியது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் லாரி கிளம்பியது. இனி துறைமுக கேட்டில் விடுவார்களா என்று டிரைவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றேன். டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தேனே தவிர, குடிக்கவில்லை. போன் வந்தது. அக்கா.

"உள்ள விட்டுட்டானாம் தம்பி. நம்ம வண்டிக்குப் பொறவு அடைச்சுட்டானாம்."

"மிச்சப் பெட்டிக்கா?"

"கொறையுதுன்னு மொதலாளியே போன் போட்டுச் சொல்லிட்டாரு. அடுத்ததுல அனுப்புங்கன்னுட்டாங்களாம்."

"ரூமு?"

"ரூமைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. காலையில வந்து, அட்டை மடிக்கது எப்படின்னு அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுக்கிட்டு நின்னாரு."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

தம்பிகளே, இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். வேலை முடிந்ததும் "சரியா இருக்கா" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நம்மைப் போலவே அவர்களும் அது முடிந்துவிட வேண்டும் என்று தவிக்கிறார்கள். "இதில் என்ன இருக்கணும், சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் பார்க்காமல் சொல்லட்டும், நீங்கள் பாருங்கள். அதைக் கேட்க வாய் வராதவர்கள் உங்களில் இருப்பீர்கள். எனக்குத் தெரியும், கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். வாய் வராவிட்டால் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வாருங்கள். திரும்பி வந்து கேட்டாலும் போதும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி என்னையும் கூப்பிட்டிருந்தார். பேக்கிங் அறையில் அதே பெண்கள், அதே எஸ்தர் அக்கா, புது கம்ப்யூட்டர். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் வந்து நின்றார். நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"உள்ள இருக்கத தம்பி மொறையா நிப்பாட்டட்டும். வெளிய இருக்கது ஓடட்டும்" என்றார் அக்கா.

நான் உள்ளே இருந்ததை நிறுத்தினேன். முதலாளி திரையின் சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"ஏம்ப்பா, இது வெளிய இருக்கதுக்கு. உள்ள ஒண்ணு இருக்கே, அதுக்கு?"

அவரே மறுபடியும் சந்தனத்தில் விரலைத் தொட்டார். முதல் பொட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, கொஞ்சம் சின்னதாக வைத்தார். எஸ்தர் அக்கா குனிந்து இரண்டையும் பார்த்தார்.

"ஸ்டிக்கர் மேல படலையே?" என்றார்.